வைட்டமின் ஈ மாத்திரை, ரத்தக் கொழுப்பு காறிப்போவதைத் தடுக்குமா?

#1 வேப்பம்பூ

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கூடுதல் என்று அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறார். சர்க்கரை இல்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு இப்போது தினமும் வைட்டமின் ஈ 400 ஒன்றும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார். சொந்தக்காரர் சொன்ன காரணம் இதுதான்: "கொலஸ்ட்ரால் இருப்பதால் ஒன்றும் ஆகாது. அது ரத்தத்தில் ஆக்சிஜனேற்றம் ஆனால்தான் குழாயில் படியும். வைட்டமின் ஈ அதைத் தடுத்துவிடும்."

அம்மா அதோடு நிற்கவில்லை. இது இருக்கும்போது ஸ்டாட்டின் எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்த ஆக்சிஜனேற்றக் கதையில் எவ்வளவு உண்மை? இணையத்தில் தேடினால் பாதிப் பேர் அமுதம் என்கிறார்கள், மீதிப் பேர் ஆபத்து என்கிறார்கள்.

#2 திண்ணைவாசி

அந்தக் கேப்ஸ்யூலை ஊசியால் குத்திப் பிதுக்கி முகத்தில் தடவுவதைத்தான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். இதய வைத்தியத்துக்கும் வந்துவிட்டதா! சோதனைக்குழாய் வரட்டும், விளக்கமாகச் சொல்லும். அதுவரை ஸ்டாட்டினை மட்டும் நிறுத்த விட்டுவிடாதே தாயி.

#3 சோதனைக்குழாய்

சொந்தக்காரர் சொன்னதில் முதல் பாதி வெறும் வாட்ஸ்அப் சரக்கு இல்லை. அதற்கு உருப்படியான அறிவியல் இருக்கிறது. சிக்கல் எல்லாம் "தடுத்துவிடும்" என்ற இடத்தில்தான்.

எல்டிஎல் துகள் ஒன்றின் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். உள்ளே கொலஸ்ட்ரால் எஸ்டர், மேலே பாஸ்போலிப்பிட் போர்வை, அதைச் சுற்றி அப்போ-பி 100 என்ற ஒரே ஒரு பெரிய புரதம். இந்தத் துகளுக்குள் கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய 2,700 இருக்கும். அதில் பாதி எளிதில் காறக்கூடிய பன்மை நிறைவுறா வகை, பெரும்பாலும் லினோலியிக் அமிலம். இத்தனைக்கும் காவலாக ஆல்ஃபா டோக்கோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, சராசரியாக ஆறு மூலக்கூறுகள்தான்.

ஆறு எப்படிப் போதும்? கொழுப்பு காறுவது, அதாவது ஆக்சிஜனேற்றம் ஆவது, ஒரு சங்கிலி வினை. ஒரு கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பறிபோனால் அதில் ஆக்சிஜன் ஒட்டிப் பெராக்சில் ராடிக்கல், அதாவது எதையாவது பறிக்கத் துடிக்கும் மூலக்கூறு, ஆகும். அது பக்கத்துக் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும், அது அடுத்ததிலிருந்து பறிக்கும், இப்படியே போகும். அடுப்படியில் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம். அந்தப் பெராக்சில் ராடிக்கல் பக்கத்துக் கொழுப்பைத் தாக்குவதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக டோக்கோஃபெராலோடு வினைபுரியும். அதனால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். கனடாவில் ஒட்டாவா தேசிய ஆய்வு மன்றத்தில் பர்ட்டன், இங்கோல்ட் குழு 1982-ல் லான்செட் இதழில் காட்டியது இதைத்தான்: மனித ரத்தப் பிளாஸ்மாவில் கொழுப்பில் கரைந்து சங்கிலியை அறுக்கும் பொருட்களில் முதன்மையானது வைட்டமின் ஈ.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்தை அதிவேக மையவிலக்கியில் சுற்றினால் எல்டிஎல் ஆரஞ்சு மஞ்சளாக ஒரு பட்டை கட்டி நிற்கும். அந்த நிறம் நாம் தின்ற கேரட், தக்காளியிலிருந்து வந்த கரோட்டினாய்டு. பட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஈடிடிஏ உப்பைப் போக்கி, துளி மயில்துத்தக் கரைசல் விட்டு ஒளிமானியில் 234 நானோமீட்டரில் வைத்தால் முதலில் கோடு அசையாமல் படுத்திருக்கும். உள்ளே டோக்கோஃபெரால் செலவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது தீர்ந்து, கரோட்டினாய்டும் தீர்ந்ததும் கோடு திடுமென்று ஏறும். கரைசலின் மஞ்சளும் வெளுத்துப்போயிருக்கும். கோடு படுத்திருக்கும் அந்த நேரத்தைத் 'தாமதக் கட்டம்' என்பார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் எஸ்டர்பவர் குழு வகுத்த முறை இது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களின் எல்டிஎல்லில் இந்தத் தாமதம் நீளும் என்பதில் சந்தேகமே இல்லை. ஜியாலால் குழு 1995-ல் வெவ்வேறு அளவு கொடுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 400 ஐ.யு. (சர்வதேச அலகு) கொடுத்தால்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 400 என்ற எண்ணுக்கு இருந்த ஆய்வக ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

#4 வேப்பம்பூ

நன்றி அக்கா. அப்போ ஆக்சிஜனேற்றம் ஆன எல்டிஎல்தான் குழாயில் படிகிறது என்பதும் உண்மையா?

#5 சோதனைக்குழாய்

அது ஒரு கருதுகோள். நல்ல ஆதாரமுள்ள கருதுகோள். இயல்பான எல்டிஎல்லை மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கி செல்கள் அளவாகத்தான் உள்ளே எடுக்கும். எல்டிஎல் ரிசெப்டாரைக் கண்டுபிடித்ததற்காகப் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-ல் நோபல் வாங்கினார்கள். அவர்கள்தான் வேதிமாற்றம் செய்த எல்டிஎல்லை இந்தச் செல்கள் வேறொரு வாசல் வழியாகக் கணக்கில்லாமல் விழுங்குகின்றன என்று முதலில் காட்டினார்கள். ஆக்சிஜனேற்றம் ஆன எல்டிஎல்லும் அந்த வகை வாசலில் நுழைந்துவிடுகிறது. விழுங்கி விழுங்கிச் செல் நுரை நுரையாக வீங்கும். தமனிச் சுவரில் தெரியும் மஞ்சள் கோடுகளின் ஆரம்பம் அதுதான். ஸ்டைன்பர்க், பார்த்தசாரதி, விட்ஸ்டம் முதலானோர் 1989-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே இதைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் "கொலஸ்ட்ரால் இருப்பதால் ஒன்றும் ஆகாது" என்ற வரி அதில் எங்கேயும் கிடையாது. ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தமனிச் சுவருக்குள் நுழையும். நுழைந்தால்தானே அங்கே காற முடியும்?

#6 செக்கடி

இதற்கெல்லாம் மாத்திரை எதற்கு? மரச்செக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சமையுங்கள். நம் பாட்டி காலத்தில் யாருக்கு அட்டாக் வந்தது? ரீஃபைண்ட் ஆயில் வந்த பிறகுதான் எல்லா வினையும்.

#7 திண்ணைவாசி

பாட்டி காலத்தில் அட்டாக் வந்தால் "மாரடைப்பு" என்று சொல்ல டாக்டர் இல்லை, செக்கடி. "காத்து அடிச்சிடுச்சு" என்று தூக்கிப்போய் வைத்துவிட்டார்கள்.

#8 அரைக்கிணறு

சோதனைக்குழாய் அவர்கள் குழாய்க்குள் நடப்பதை அழகாகச் சொல்லிவிட்டார். மனிதர்களுக்கு மாத்திரை கொடுத்தபோது என்ன ஆனது என்பதை நான் சொல்கிறேன். புள்ளியியல் என் பிழைப்பு.

1993-ல் அமெரிக்காவில் இரண்டு கட்டுரைகள் ஒரே இதழில் வந்தன. ஒன்று 87,245 செவிலியர்களைப் பற்றியது, இன்னொன்று 39,910 ஆண்களைப் பற்றியது. வைட்டமின் ஈ அதிகம் எடுத்தவர்களுக்கு இதய நோய் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்று இரண்டும் சொல்லின. மருந்துக் கடைகளில் கூட்டம். ஆனால் அவை வெறும் கவனிப்பு ஆய்வுகள். சொந்தக் காசில் வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியும் போவார், சிகரெட்டும் தொடமாட்டார்.

1996-ல் கேம்பிரிட்ஜில் இதய நோயாளிகள் 2,002 பேருக்குச் சீட்டுப்போட்டுப் பிரித்து மாத்திரை கொடுத்தார்கள். மரணத்தில் முடியாத மாரடைப்பு 77% குறைந்தது என்று வந்தது. இறப்பு குறையவில்லை, லேசாகக் கூடியது என்பதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த 77-ஐப் பார்த்தாலே உறுத்தும். இவ்வளவு பெரிய பலன் சின்ன ஆய்வில் வந்தால் அடுத்த பெரிய ஆய்வில் கரைந்துபோவது வழக்கம்.

கரைந்தது. 1999-ல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு: 11,324 பேர், பலன் தெளிவாக வரவில்லை. 2000-ல் ஹோப் ஆய்வு: 9,541 பேர், நாலரை ஆண்டு, தினம் 400 ஐ.யு., பலன் இல்லை. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்டபோது வைட்டமின் ஈ பக்கம் இதயச் செயலிழப்பு 13% கூடுதல். ஆண் மருத்துவர்கள் 14,641 பேரிடம் நடந்த ஆய்வில், 2008-ல், மாரடைப்பில் மாற்றமில்லை, மூளை ரத்தக்கசிவு மட்டும் கூடியது.

வேப்பம்பூ, உங்கள் அம்மாவிடம் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. 2002-ல் பிரிட்டனில் வந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடி. 20,536 பேர். ஒரே கூட்டத்தை இரண்டு விதமாகச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. அதே ஆட்களில் இன்னொரு சீட்டின்படி பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ 600 மி.கி., வைட்டமின் சி, பீட்டா கரோட்டின். ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இரட்டிப்பானது, மாத்திரை உள்ளே போனதில் சந்தேகமில்லை. ஐந்து வருட முடிவு: ஸ்டாட்டின் பக்கம் மாரடைப்பு, பக்கவாதம் வகையறா கால்வாசி குறைந்தது. வைட்டமின் பக்கம் ஒன்றுமே இல்லை. "இது இருக்க அது எதற்கு" என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது.

#9 வேப்பம்பூ

இதைத்தான் தேடினேன் சார். அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர், எண்ணைக் காட்டினால் கேட்பார்.

ஆனால் எனக்கு இன்னும் புரியவில்லை. குழாயில் தடுக்கிறது, உடம்பில் தடுக்கவில்லை என்றால் இடையில் என்ன ஆகிறது?

#10 சோதனைக்குழாய்

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

முதல் விஷயம், வைட்டமின் ஈ தனியாளாக வேலை செய்வதில்லை. கொதிக்கிற சட்டியைக் கையில் வாங்கிக்கொள்வது போல அது ராடிக்கலை வாங்கிக்கொள்கிறது. சட்டி ஆறிவிடவில்லை, கைதான் மாறியிருக்கிறது. வாங்கிய டோக்கோஃபெரால் இப்போது டோக்கோஃபெராக்சில் ராடிக்கல். அதை யாராவது வாங்கி இறக்கி வைக்க வேண்டும். பிளாஸ்மாவில் அந்த வேலையைச் செய்வது வைட்டமின் சி. 1989-ல் பெர்க்லியில் ஃப்ரை, இங்லண்ட், ஏம்ஸ் மூவரும் மனிதப் பிளாஸ்மாவில் ராடிக்கலை உண்டாக்கிப் பார்த்தார்கள். வைட்டமின் சி இருக்கும்வரை கொழுப்பில் அளவிடக்கூடிய பெராக்சைடு எதுவுமே வரவில்லை. சி தீர்ந்த கணத்தில் ஆரம்பித்துவிட்டது, வைட்டமின் ஈ பெரும்பகுதி அப்படியே இருந்தபோதே!

அப்போது ஈ என்ன செய்துகொண்டிருந்தது? ஆஸ்திரேலியாவில் ஸ்டாக்கரும் போவ்ரியும், கனடாவின் இங்கோல்டோடு சேர்ந்து 1992-ல் சொன்ன பதில் பலருக்கு ரசிக்கவில்லை. எல்டிஎல் துகள் மிகச் சின்னது. ராடிக்கல் எப்போதாவது ஒன்று என்ற கணக்கில் மெதுவாக வந்தால், துகளுக்குள் மாட்டிக்கொண்ட டோக்கோஃபெராக்சிலுக்கு வெளியே போக வழியில்லை, சட்டியை வாங்க ஆளும் இல்லை. கடைசியில் அதே கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிச் சங்கிலியைத் தானே தொடங்கிவைக்கிறது. அந்தச் சூழலில் ஈ நீக்கப்பட்ட எல்டிஎல் மெதுவாகவும், ஈ ஏற்றப்பட்ட எல்டிஎல் வேகமாகவும் காறியது. அதே இங்கோல்ட்தான், பத்து வருடம் முன்பு ஈ-யைக் காவல்காரன் என்று நிரூபித்தவர். அறிவியலில் எனக்குப் பிடித்த கதைகளில் இது ஒன்று.

நான் மேலே சொன்ன மயில்துத்தப் பரிசோதனையில் ராடிக்கல் வெள்ளமாக வரும். வெள்ளத்தில் இந்தக் குணம் தெரியாது, ஒரு ராடிக்கலை அடுத்த ராடிக்கல் வந்து முடித்துவிடும். உடம்பில் வெள்ளம் கிடையாது, தூறல்தான். ஆக, தாமதக் கட்டம் நீண்டதை வைத்து மனிதனுக்கு மாத்திரை எழுதியதே அவசரம் என்பது என் கருத்து.

இரண்டாவது, இடம். ஓடுகிற ரத்தத்தில் சி, யூரிக் அமிலம், அல்புமின் என்று காவல் பலமாக இருக்கிறது. காறல் நடப்பது பெரும்பாலும் தமனிச் சுவரின் உள்ளடுக்கில். அங்கே எடுத்த மனிதப் படிவுகளைச் சோதித்தால் ஆக்சிஜனேற்றம் ஆன கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, பக்கத்திலேயே ஆல்ஃபா டோக்கோஃபெராலும் இயல்பான அளவில் இருக்கிறது. காவல் இல்லாததால் திருட்டு நடக்கவில்லை. சுவரில் உள்ள வெள்ளணுக்கள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியைக் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கின்றன. நாம் வீட்டில் ஊற்றும் பிளீச்சில் இருப்பதும் அந்த வகைதான். அது நேராகப் புரதத்தைத் தாக்கும். அந்த வகைத் தாக்குதலைத் தடுக்க டோக்கோஃபெரால் அவ்வளவாகப் பயன்படாது.

#11 திண்ணைவாசி

சட்டியைக் கொழுப்பிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறதா! எங்கள் ஊரில் ஜாமீன் போட்டவன் கதை இப்படித்தான் முடியும்.

#12 இளங்கதிர்

அக்கா, நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் வருடம். புகைபிடிப்பவர்கள் ரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம், வைட்டமின் ஈ அளவு என்று புராஜெக்ட் எடுத்திருக்கிறேன். எம்டிஏ (கொழுப்பு காறும்போது உண்டாகும் மாலோன்டையால்டிஹைடு) டெஸ்ட் போதும் என்கிறார் சார். போதுமா?

புகை பற்றியும் சொல்லுங்கள், சி-யும் ஈ-யும் கைமாற்றிக்கொள்வது மனித உடம்புக்குள் நிரூபணம் ஆகியிருக்கிறதா?

#13 சோதனைக்குழாய்

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஆரிகனில் ட்ரேபர், புரூனோ குழு 2006-ல் வெளியிட்டது உனக்கு நேரடியாக உதவும். டியூட்டீரியம் அடையாளமிட்ட வைட்டமின் ஈ கொடுத்து, ரத்தத்திலிருந்து அது எவ்வளவு வேகமாக மறைகிறது என்று அளந்தார்கள். புகைபிடிப்பவர்களிடம் வேகமாக மறைந்தது. தினம் 1000 மி.கி. வைட்டமின் சி இரண்டு வாரம் கொடுத்ததும் அந்த வேகம் மற்றவர்கள் அளவுக்கு இறங்கியது. கைமாற்றம் மனிதரிடம் நடக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இது வலுவான ஆதாரம்.

எம்டிஏ விஷயம். டிபிஏ (தயோபார்பிட்யூரிக் அமிலம்) சேர்த்து 95 டிகிரியில் கொதிக்க வைத்து, ரோஸ் நிறம் வந்ததும் 532-ல் வாசிப்பீர்கள், அதுதானே? அந்த ரோஸ் நிறம் எம்டிஏ-வால் மட்டும் வருவதில்லை. சர்க்கரை, பிலிரூபின், இன்னும் சில ஆல்டிஹைடுகள் எல்லாம் நிறம் தரும். கொதிக்கும்போதே குழாய்க்குள் புதிதாகக் கொழுப்பு காறும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து பிளாஸ்மா லேசாகச் சிவந்திருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதே, ஹீமின் இரும்பு ஒன்றே போதும் எண்ணை ஏற்றிவிட. காறலைத் தடுக்கும் பி.எச்.டி. (பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயின்) சேர்த்து, உடனே குளிரில் பிரித்து, மைனஸ் 80-ல் வைக்காத மாதிரியில் நீ அளப்பது நோயாளியின் ஆக்சிஜனேற்றமா, உன் மேசையின் ஆக்சிஜனேற்றமா என்று சொல்லவே முடியாது.

நம்பகமானது எஃப்2-ஐசோப்ரோஸ்டேன். அராகிடோனிக் அமிலம் ராடிக்கலால் தாக்கப்படும்போது உண்டாவது. வாண்டர்பில்ட்டில் மாரோவும் ராபர்ட்ஸும் 1990-ல் கண்டது. வைட்டமின் ஈ கதையில் இது பெரிய திருப்பம். 2001-ல் ஃபிட்ஸ்ஜெரால்ட் குழு ஆரோக்கியமான ஆட்களுக்கு நாளுக்கு 200-லிருந்து 2000 ஐ.யு. வரை எட்டு வாரம் கொடுத்துச் சிறுநீரில் ஐசோப்ரோஸ்டேன் அளந்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறியது. ஐசோப்ரோஸ்டேன் நகரவே இல்லை.

#14 அரைக்கிணறு

இங்கேதான் நான் மாத்திரைக்காரர்கள் பக்கம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அந்த 2001 ஆய்வு ஆரோக்கியமானவர்களிடம் நடந்தது. அவர்களிடம் குறைக்க என்ன இருக்கிறது? 1999-ல் டாவி குழு சர்க்கரை நோயாளிகளுக்கு 600 மி.கி. கொடுத்தபோது இரண்டே வாரத்தில் ஐசோப்ரோஸ்டேன் இறங்கியது. 2007-ல் ராபர்ட்ஸ் குழு கொலஸ்ட்ரால் கூடியவர்களிடம் பார்த்தபோது இறங்கியது, ஆனால் 1600 ஐ.யு. அல்லது அதற்கு மேல், பல வாரங்கள் கொடுத்தால்தான். ஹோப்பில் கொடுத்தது 400.

அப்படியானால் பெரிய ஆய்வுகள் எதுவும் கருதுகோளைச் சோதிக்கவே இல்லை. யாருக்கு ஆக்சிஜனேற்றம் அதிகம் என்று பார்த்து ஆள் எடுக்கவில்லை, மாத்திரை அதைக் குறைத்ததா என்றும் எல்லாரிடமும் அளக்கவில்லை. ரத்த அழுத்தம் அளக்காமலே பிரஷர் மருந்து ஆய்வு நடத்தினால் ஒத்துக்கொள்வோமா? 2000-ல் இஸ்ரேலில் டயாலிசிஸ் நோயாளிகள் 196 பேருக்கு 800 ஐ.யு. கொடுத்து இதய நிகழ்வுகள் பாதியாகக் குறைந்ததை எங்கே வைப்பது? டயாலிசிஸ்காரர்களுக்கு ஆக்சிஜனேற்றம் கடுமையாக இருக்கும் என்பது தெரிந்த விஷயம். ஹைஃபாவில் 2008-ல் ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தின் 2-2 வகை உள்ள சர்க்கரை நோயாளிகளிடமும் பலன் தெரிந்தது.

#15 சோதனைக்குழாய்

ஆய்வு வடிவமைப்பு பற்றிச் சொன்னது சரி. ஆள் தேர்வில் கோட்டை விட்டார்கள். ஆனால் 196 பேர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு, 2,002 பேர் ஆய்வின் 77-ஐ நீங்கள் சந்தேகித்தது நினைவிருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே தராசுதான். அப்புறம், 1600 ஐ.யு. என்பது மாதக்கணக்கில் விழுங்கக்கூடிய அளவா? ஹாப்டோகுளோபின் விஷயம் மட்டும் எனக்கும் சுவாரசியம். 2-2 வகை ஹாப்டோகுளோபின் சிந்திய ஹீமோகுளோபினைச் சரியாக அடக்காது, ஆக்சிஜனேற்றம் கூடுவதற்கு இயங்குமுறை இருக்கிறது. ஆனால் அது பெரிய, தனிப்பட்ட ஆய்வில் உறுதிப்பட வேண்டும்.

#16 அரைக்கிணறு

தராசு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது மாத்திரையை அல்ல, ஒழுங்கான ஆய்வை.

#17 மருந்துக்கட்டு

மதுரைப் பக்கம் மருந்துக் கடையில் இருக்கிறேன். ஆய்வு வாதத்துக்குள் நான் வரவில்லை, கவுண்டரில் நிற்கிறவனாக நாலு வார்த்தை.

400 என்று போட்டிருந்தால் அது மி.கி.யா ஐ.யு.வா என்று பாருங்கள். இயற்கை வகையில் 400 ஐ.யு. என்றால் 268 மி.கி. செயற்கை வகையில் உடம்பு பயன்படுத்தக்கூடியது 180 மி.கி.தான். அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 15 மி.கி. எப்படிப் பார்த்தாலும் பத்து மடங்குக்கு மேல்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வைட்டமின் ஈ-யை இஷ்டத்துக்குப் போடக்கூடாது. அது வைட்டமின் கே-யின் வேலையில் குறுக்கிடும், ரத்தம் உறைவது குறையும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவரும் டாக்டரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்பு "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் வைட்டமினை யாரும் சொல்வதில்லை. சொல்லுங்கள். ஆண்கள் கவனத்துக்கு: 35,533 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் 400 ஐ.யு. எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடுதலாக வந்தது.

நிஜமாகத் தேவைப்படுகிறவர்களும் உண்டு. கல்லீரலில் டோக்கோஃபெராலை ஏற்றிவிடும் புரதம் மரபிலேயே பழுதான குழந்தைகள், பித்த ஓட்டம் அடைபட்டவர்கள், குறைமாதக் குழந்தைகளில் சிலர். சர்க்கரை இல்லாத கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்காரர்களுக்கும் 2010 ஆய்வுக்குப் பிறகு டாக்டர்கள் 800 ஐ.யு. எழுதுவதைப் பார்க்கிறேன். அவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

#18 திண்ணைவாசி

அந்த 15 மி.கி. கணக்கை யார் போட்டது?

#19 சோதனைக்குழாய்

அது கொஞ்சம் இருண்ட கதை ஐயா. 1950-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் எல்ஜின் மனநல மருத்துவமனையில், ஹார்விட் என்பவர் தலைமையில், அங்கிருந்த ஆண் நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் வைட்டமின் ஈ குறைந்த உணவு கொடுத்தார்கள். டோக்கோஃபெரால் நீக்கிய பன்றிக் கொழுப்பு, பிறகு அதே போல நீக்கிய சோள எண்ணெய். ரத்தம் எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து எத்தனை சிவப்பணு உடைகிறது என்று பார்ப்பார்கள். சவ்வில் உள்ள கொழுப்பு காறினால் சிவப்பணு உடையும். பன்மை நிறைவுறா எண்ணெய் கூடக் கூட உடைவதும் கூடியது, வைட்டமின் ஈ திரும்பக் கொடுத்ததும் குறைந்தது. 2000-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் 15 மி.கி. என்று நிர்ணயித்தபோது எடுத்து வைத்துக்கொண்டது பெரும்பாலும் இந்தத் தரவைத்தான். அந்த நோயாளிகளிடம் இன்றைய அர்த்தத்தில் சம்மதம் வாங்கியிருக்க முடியுமா என்பதை ஒவ்வொரு முறை இந்த எண்ணைப் பார்க்கும்போதும் யோசிப்பேன்.

செக்கடி அண்ணா, நீங்கள் காத்திருக்கிறீர்கள். எண்ணெய் விஷயம் இதிலேயே வருகிறது. துகளுக்குள் எவ்வளவு லினோலியிக் இருக்கிறதோ அவ்வளவு விறகு. சூரியகாந்தி எண்ணெயில் வைட்டமின் ஈ நிறைய, லினோலியிக்கும் நிறைய. கடலை எண்ணெயில் பாதி அளவு ஓலியிக், அது எளிதில் காறாது. ஓலியிக் நிறைந்த எல்டிஎல் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் என்று பார்த்தசாரதி குழு 1990-ல் முயல்களிடம் காட்டியது. உங்கள் நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா டோக்கோஃபெரால். கல்லீரல் ஆல்ஃபாவைத்தான் தேர்ந்து ரத்தத்துக்கு அனுப்பும், காமாவைக் கழித்துவிடும். ஆனால் எள்ளில் உள்ள செசமின் அந்தக் கழிப்பைத் தாமதப்படுத்தி ரத்தத்தில் காமாவை ஏற்றுகிறது.

#20 செக்கடி

பார்த்தீர்களா! தேங்காய் எண்ணெய்?

#21 சோதனைக்குழாய்

தேங்காய் எண்ணெய் 90 சதவீதம் நிறைவுற்றது, காற அதில் அதிகம் ஒன்றுமில்லை. வைட்டமின் ஈ-யும் மிகக் குறைவு. ஆனால் எல்டிஎல் அளவை ஏற்றும். காறாத விறகைத் தேடிப்போய் விறகுக் கட்டையே கூடிவிடக் கூடாது. அப்புறம் பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் செக்கோ ரீஃபைண்டோ, டோக்கோஃபெரால் சட்டியிலேயே செலவாகிவிடும். ரத்தம்வரை வராது.

#22 வேப்பம்பூ

அம்மாவிடம் 20,536 பேர் கணக்கைப் படித்துக் காட்டினேன். "ஒரே வகுப்பை ரெண்டா பிரிச்சு ரெண்டு பரீட்சை வச்சிருக்காங்க" என்றார். ஸ்டாட்டின் தொடர்கிறது. வைட்டமினை அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியோடு கேட்டுவிட்டு நிறுத்துவதாகச் சொல்கிறார். சொந்தக்காரரிடம் பேசும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார், அது தனிக் கொடுமை.

#23 இளங்கதிர்

அக்கா, கடைசியாக ஒன்று. எங்கள் துறையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லை. ஐசோப்ரோஸ்டேனுக்கு எலைசா கிட் வாங்கலாமா?

#24 சோதனைக்குழாய்

கிட் எண்ணும் மாஸ் ஸ்பெக் எண்ணும் பல நேரம் ஒத்துப்போவதில்லை, அதை ஆய்வேட்டில் எழுதிவிட்டுப் பயன்படுத்து. ரத்தத்தைவிடச் சிறுநீரில் அளப்பது மேல். எடுத்த பிறகு குழாய்க்குள் புதிதாக உண்டாகும் ஆபத்து அங்கே குறைவு, கிரியேட்டினினால் வகுத்து எழுது. வைட்டமின் ஈ-யை எச்பிஎல்சியில் அளந்ததும் வெறும் எண்ணை எழுதிவிடாதே. அது எல்டிஎல் போன்ற துகள்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது, அதனால் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் கூடியவருக்கு வைட்டமின் ஈ-யும் கூடுதலாகத் தெரியும். மொத்தக் கொழுப்பால் வகுத்த விகிதத்தை வைத்துத்தான் புகைபிடிப்பவரையும் மற்றவரையும் ஒப்பிட வேண்டும். பழம், காய் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கேள்வித்தாளும், முடிந்தால் பிளாஸ்மா வைட்டமின் சி-யும் சேர்த்துக்கொள். சி மாதிரியை மட்டும் மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் உடனே போடு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து போடலாம் என்று வைக்காதே.